நாற்பது பேருக்கான குளிர்

தெருவிலேயே பெரிய ஏசி தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கஹ்தான் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, அதை மனைவியிடம் அறிவித்தும்விட்டார்.

பஸ்ராவில் ஆகஸ்ட் மாதம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரில் அப்படியே டீ போடலாம். கடல் பக்கமிருந்து ஷர்ஜி காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்துவிட்டால், சட்டையைப் பிழிந்து இன்னொரு டீயும் போடலாம். இந்த லட்சணத்தில், பின்கட்டு ஹாலில் பதினைந்து வருடம் உழைத்த பழைய ஏசி போன மாதம் ஒரு முனகல் முனகிவிட்டு உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். அரசாங்க மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. தெரு முனை ஜெனரேட்டர்காரன் அளந்து கொடுக்கிற ஆம்பியரில் ஒரு வீட்டுக்கு ஒரு ஏசி ஓடினாலே பெரிய காரியம்.

ஆக, அந்த ஒன்றை எந்த அறையில் மாட்டுவது என்பதுதான் கேள்வி.

"நாலு டன்," என்றார் கஹ்தான். "விருந்தாளி அறையில."

அவர் மனைவி சுந்துஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாருக்கு?"

"என்ன கேள்வி இது? வர்றவங்களுக்கு."

"யார் வர்றாங்க?"

"வருவாங்க."

"நானும் மூணு பொண்ணுங்களும் பின்னாடி ஹால்ல வெந்துக்கிட்டு இருக்கோம். நாங்க ஏற்கெனவே வந்தாச்சு. வந்து இருபது வருஷம் ஆச்சு."

"சுந்துஸ், விருந்தாளி அறைங்கறது வீட்டோட முகம்."

"ஹால் வீட்டோட வயிறு. அதுக்கு ஒன்றரை டன் போதும். முகத்துக்குப் பவுடர் போட்டுட்டு வயித்தைக் காயப்போடுவாங்களா?"

"எதிர்வீட்டு அபூ சர்மத் ரெண்டு டன் மாட்டியிருக்கான். விருந்தாளி அறையில."

"அபூ சர்மத் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கக்கூடப் பாத்தான். அவன் பொண்டாட்டி உம்மு சர்மத் செருப்பைக் கழட்டினா. அதையும் பாத்துச் செய்யப் போறீங்களா?"

கஹ்தான் மீனில் கவனம் செலுத்தினார். அவருக்குத் துறைமுக எடைமேடையில் வேலை. காலையிலிருந்து லாரிகளை ஏற்றி இறக்கி டன் கணக்கில் எடை பார்க்கிறவர். நாற்பது டன், ஐம்பது டன் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றரை டன் என்பது ஒரு பொருளாகவே படவில்லை. தவிர, மனதுக்குள் இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். விருந்தாளி அறையில் வெல்வெட் சோபா இருக்கிறது. கனத்த திரைச்சீலை இருக்கிறது. பெண்பிள்ளைகளின் கூச்சல் அங்கே எட்டாது. வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த சோபாவில் ஒரு மதியத் தூக்கம். அந்தத் தூக்கத்துக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார். கௌரவம் என்று வெளியே சொல்லிக்கொண்டதெல்லாம் அதன் மேல் போர்த்திய போர்வைதான்.

மறுநாள் உஸ்தா ஹனூன் வந்தார். ஏசி மாட்டுகிற கைதேர்ந்த ஆள்; அதனால்தான் உஸ்தா என்ற மரியாதை. ஒரே ஒரு குறை. கடைசியாக யார் பேசினாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். டேப்பை இழுத்து அறையின் நீள அகலம் பார்த்தார். சன்னல் எத்தனை, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மேலே மாடி உண்டா வெறும் மொட்டைத் தளமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"இந்த அறையில எத்தனை பேர் உக்காருவீங்க, அபூ நிப்ராஸ்?"

நிப்ராஸ் மூத்த மகள். ஊரே கஹ்தானை அப்படித்தான் கூப்பிடும்.

"அது எதுக்கு?"

"ஒவ்வொரு ஆளும் ஒரு அடுப்பு மாதிரிங்க. ஆளைக் கணக்குல சேக்காம ஏசி வாங்கக் கூடாது."

கஹ்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "நாற்பது பேர்."

"நாற்பதா?"

"அதுக்குக் குறைஞ்சா இந்த வீட்டுக்கு அவமானம்."

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "உஸ்தா, அவரோட சேக்காளிங்க மொத்தம் எட்டு பேர். அதுல ரெண்டு பேருக்கு முட்டிவலி. வாசப்படி ஏற மாட்டாங்க."

"அப்ப ரெண்டு டன்னே தாராளம்," என்றார் உஸ்தா.

"நாற்பது!" என்றார் கஹ்தான்.

"அப்ப நாலு டன் வேணும்."

"உக்கார ஆளில்லாத அறைக்கு நாலு டன்னா?" என்றது அடுக்களை.

"அம்மா சொல்றதும் நியாயம்தான்."

"யோவ், வீடு யாரோடது?"

"உங்களோடதுதான், நாலு டன்தான்."

சுந்துஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அறையை ஒரு முறை சுவரோடு சுவராகப் பார்த்தாள். சோபாவை, கம்பளத்தை, நடுவில் கிடந்த காலி இடத்தை. பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"சரி உஸ்தா. நாற்பது பேருன்னே வச்சுக்கோங்க."

கஹ்தானால் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபது வருடத்தில் அவர் ஜெயித்த முதல் வாக்குவாதம். முதல் தடவை ஜெயிக்கிறவனுக்குச் சந்தேகம் என்பதே வராது. உஸ்தாவுக்கு இன்னொரு தட்டு பேரீச்சைப் பணியாரம் கொண்டுவரச் சொன்னார்.

ஏசி வந்தது. அலமாரி உயரத்துக்குத் தரையில் நிற்கிற வகை. ஆறு பேர் தூக்கிக்கொண்டு வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. அவுட்டோர் யூனிட்டை நிழலாக இருக்கிற பின்சுவரில் வைக்கலாம் என்றார் உஸ்தா. பின்சுவரில் வைத்தால் யார் பார்ப்பது? வெயில் அறைகிற முன்சுவரில், தெருவைப் பார்த்து வைக்கச் சொன்னார் கஹ்தான். ஜெனரேட்டர்காரனிடம் சொல்லி ஆம்பியரையும் கூட்டி வாங்கினார். வாங்கியது அத்தனையையும் அந்த ஏசியே தின்றது. அது ஓடும்போது வீட்டில் யாராவது இஸ்திரிப் பெட்டியை நினைத்தாலே பிரேக்கர் விழுந்தது.

முதல் நாள் சாயங்காலம் சேக்காளிகள் ஆறு பேர் வந்தார்கள். முட்டிவலிக்காரர்கள் வரவில்லை. கஹ்தான் பொத்தானை அழுத்தினார். ஏசி உறுமியது. திரைச்சீலைகள் பறந்தன. டீ ஆறுவதற்குள் அறை குளிர்ந்து பல் கிட்டியது. உடனே ஏசி, வேலை முடிந்தது என்று தானாக நின்றுகொண்டது. நின்றதும் ஷர்ஜியின் ஈரம் எங்கிருந்தோ வந்து மேலே ஒட்டியது. சற்றுக் கழித்து மறுபடி உறுமல். மறுபடி பல் கிட்டல். மறுபடி நிறுத்தம். ஈரம் மட்டும் எங்கும் போவதாக இல்லை.

"அபூ நிப்ராஸ்," என்றார் அபூ சர்மத், சோபாக் கையைத் தடவியபடி. "உங்க வீட்டுக்குள்ள மழை கிழை பெய்யுதா?"

"அது குளிர்ச்சிய்யா."

"குளிருது, இல்லேங்கல. ஆனா வேர்வையும் காய மாட்டேங்குது. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி?"

"நாலு டன்னுன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு டன்காரங்களுக்குப் புரியாது."

சர்க்கரைக் கிண்ணத்தில் சர்க்கரை ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. பணியாரம் தொட்டதும் நசுங்கியது. ஆறு பேரும் இரண்டாவது டீக்குக் காத்திராமல் வெளியே போய், வெயிலில் நின்று உடம்பைக் காய வைத்துக்கொண்டார்கள். மறுநாள் கஹ்தான் தனியாக அந்த சோபாவில் படுத்துப் பார்த்தார். விழித்தபோது மீன் கடையில் ஐஸ் மேல் கிடக்கிற மீன் மாதிரி இருந்தார். குளிர்ந்து, நனைந்து, கண் திறந்தபடி.

உஸ்தாவைப் போனில் பிடித்தார். "யோவ், ஏசி கெட்டுப்போச்சு."

"கெடல, அபூ நிப்ராஸ். அது அருமையான ஏசி. உள்ள நாற்பது பேர் இருக்காங்கன்னு நம்பி வேகமா ஓடி வருது. வந்து பாத்தா ஆளையே காணோம். ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சிருது. நின்னுடுது. நிக்காம ஓடினாத்தானே ஈரத்தை இழுக்கும்?"

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நாற்பது பேரைக் கூட்டிட்டு வாங்க."

கஹ்தான் கூட்டிப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரனைக் கூப்பிட்டார். முடிதிருத்துகிறவனைக் கூப்பிட்டார். எடைமேடையில் ஏறிய லாரி ஓட்டுநர்களை, எடை போட்ட கையோடு வீட்டுக்கு அழைத்தார். எல்லோரும் வந்தார்கள். ஏசியின் உயரத்தைப் பார்த்து அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்றார்கள். டீ குடித்தார்கள். போய்விட்டார்கள். அவரவருக்கு வேலை இருந்தது. ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேரவே இல்லை.

அப்போதுதான் அபூ சர்மத் ஒரு யோசனை சொன்னார். யோசனை சொல்லும் முகத்தில் கொஞ்சம் குறும்பு இருந்தது. கஹ்தான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"அதுக்கு வேண்டியது சூடுதானே? ஆளா இருந்தா என்ன, நெருப்பா இருந்தா என்ன?"

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், வெளியே காக்கை பறக்காத வெயிலில், கஹ்தான் மொட்டை மாடிக் கொட்டகையிலிருந்து குளிர்கால மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். விருந்தாளி அறை நடுவில் வைத்துப் பற்ற வைத்தார். ஏசி உறுமியது. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. வந்திருந்த சேக்காளிகள் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நிற்கவே இல்லை!

"ஏப்ரல் மாசம் மாதிரி இருக்கே," என்றார் ஒருவர்.

இருந்தது, நடுவில் மட்டும். ஏசிப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கம்பளி மேலங்கி தேவைப்பட்டது. ஹீட்டர் பக்கம் உட்கார்ந்தவர்கள் அங்கியின் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொண்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் எழுந்து இடம் மாறினார்கள், கம்பியில் கோத்த கபாபைத் திருப்புகிற மாதிரி. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. ஆனாலும் கஹ்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. டீத் தட்டை வாங்கக் கஹ்தான் கதவை ஒரு சாண் திறந்தார். சுந்துஸ் தட்டை நீட்டிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

"அது என்ன, ஹீட்டரா?"

"ஆமா."

"ஆகஸ்ட்லயா?"

"ஏசி ஓடறதுக்கு."

அவள் தட்டைப் பிடித்தபடியே யோசித்தாள். "வெளிய அம்பது டிகிரி. அது உள்ள வரக் கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு, உள்ள எண்ணெய் ஊத்தித் தனியா ஒரு வெயில் காய்ச்சறீங்க."

"உஸ்தாதான் சூடு வேணும்னான்."

"ஆளு வேணும்னுதானே சொன்னாரு?"

"நாற்பது ஆளுக்கு நான் எங்கடி போவேன்?"

"இதுதான் உங்க கவலையா?" சுந்துஸின் குரல் தேன் மாதிரி ஆகிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

என்ன இருந்தாலும் என் மனைவிக்கு என் மேல் பாசம் உண்டு என்று நினைத்துக்கொண்டே கஹ்தான் தட்டை உள்ளே எடுத்துப் போனார். பாவம் மனிதர்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். விருந்தாளி அறைக் கதவுக்கு வெளியே செருப்புகள். பெண்கள் செருப்புகள். கதவிலிருந்து கிளம்பி, நடையைத் தாண்டி, முற்றம் வரை வந்திருந்தன. உள்ளே பெண்களின் சிரிப்பு. அதற்கெல்லாம் அடியில் ஏசியின் சத்தம். ஒரே சீராக, நிற்காமல், சந்தோஷமாக.

தெருப் பெண்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவது வழக்கம்தான். அப்படிக் கூடிவிட்டால் அந்த அறைக்குள் ஆண் யாரும் நுழையக் கூடாது. வீட்டுக்காரனானாலும் சரி. நடையைக் கடக்கிறதென்றாலே உரக்க இருமி, "யா அல்லாஹ்" என்று குரல் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். கஹ்தான் இருமினார். குரல் கொடுத்தார். தலையைக் குனிந்தபடி அடுக்களைக்குப் போனார். அங்கே சுந்துஸ் டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் காய்ந்து, பளிச்சென்று, பெருநாள் காலை மாதிரி இருந்தது.

"கேக்குதா? இன்னும் நிக்கல," என்றாள்.

"எத்தனை பேர் இருக்காங்க?"

"குழந்தைங்களோட நாற்பத்தி மூணு. உஸ்தா கணக்கே கணக்கு. உள்ள பூ மாதிரி இருக்கு. துளி ஈரம் இல்ல."

"நான் எங்க தூங்கறது?"

"தூங்கறதா? இந்தத் தட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு ஒரு தட்டு தட்டிட்டு வாங்க. சர்க்கரையை மறந்துடாதீங்க. வர்றவங்களுக்குக் குறை வைக்கலாமா? வீட்டோட முகமாச்சே!"

அவர் தட்டை வைத்தார். தட்டினார். நாற்பது கிளாஸ் டீ, நாலு நடை. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாளைக்குப் படுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை குர்ஆன் ஓதல். அதை எந்த வாயால் வேண்டாம் என்பது? திங்கட்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணின் சீர்வரிசையைப் பரப்பி வைத்துப் பார்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தையல். புதன்கிழமை, செவ்வாய்க்கிழமை தைத்ததைப் பிரித்துத் தைத்தல். தெருவில் எல்லா வீட்டு அடுக்களையும் மதியத்தோடு காலியானது. பக்கத்துத் தெருவிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். மூன்று மகள்களும் தலையணையோடு உள்ளே குடியேறிவிட்டார்கள். கஹ்தான் டீ போடுவதில் தேறிவிட்டார். ஏலக்காய் எவ்வளவு, கொதி எத்தனை என்றெல்லாம் கை பழகிவிட்டது. தூக்கம்தான் இல்லை. எடைமேடையில் ஒரு லாரியை இரண்டு தடவை நிறுத்து, இரண்டு லாரி என்று அனுப்பிவிட்டார்.

அபூ சர்மத் ஒரு மதியம் வந்து, முற்றத்து மதிலோரம் நிழலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டி உள்ள இருக்காளா?"

"இருக்கா."

"பொரிச்ச மீனை மூடி வச்சுட்டு வந்தாளா, மூடாம வச்சுட்டு வந்தாளான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"நீங்களே கேளுங்க. நான் இப்பத்தான் சர்க்கரை கொடுத்துட்டு வந்தேன்."

"உங்க வீட்டுல ரெண்டு டன் இருக்கே, அங்க படுக்கலாமே?" என்று கொஞ்சம் கழித்துக் கஹ்தானே ஆசையாகக் கேட்டார். "நானும் வர்றேன்."

"பூட்டியிருக்கு. நாம உள்ள போனா சோபா கசங்கிடுமாம். சாவி அவ இடுப்புல இருக்கு."

இருவரும் மேலே பார்த்தார்கள். முன்சுவரில் அவுட்டோர் யூனிட் தெருவைப் பார்த்து அனலாக ஊதிக்கொண்டிருந்தது. அதன் காற்று அவர்கள் மேல்தான் வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் பொறுக்க முடியாது. கஹ்தான் எழுந்து போய் உஸ்தா ஹனூனைக் கையோடு இழுத்து வந்தார்.

"கழட்டு. நாலு டன் வேண்டாம். திருப்பிக் குடுத்துட்டு ஒன்றரை டன் கொண்டா. பின்னாடி ஹால்ல மாட்டு. அவ கேட்டதும் அதுதானே? எனக்கு ஒரு மூலையில பாய் விரிக்க இடம் கிடைச்சா போதும்."

"நியாயமான பேச்சு," என்றார் உஸ்தா. செருப்புகளுக்கு இந்தப் பக்கம் நின்று, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு குரல் கொடுத்தார். "உம்மு நிப்ராஸ்! ஏசியைக் கழட்டணும்னு ஐயா சொல்றாரு!"

உள்ளே பேச்சு நின்றது. சுந்துஸின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. "எதுக்கு? கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. அளவு பெருசாப் போச்சாம்."

"யார் சொன்னது? நாற்பது பேருக்கு நாலு டன்னுன்னு நீங்கதானே அளந்தீங்க? உள்ள நாற்பத்தொன்பது பேர் இருக்கோம். இன்னும் சொல்லப்போனா அளவு சின்னதுதான்."

"அதுவும் சரிதான்," என்றார் உஸ்தா.

"யோவ்!" என்றார் கஹ்தான்.

"கழட்டியே ஆகணும்னா உள்ள வாங்க உஸ்தா," என்றது கதவு. "எல்லாரும் உங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சவங்கதான்."

உஸ்தா இரண்டு அடி பின்னால் போய் முற்றத்தில் நின்றுகொண்டார். கஹ்தான் கதவருகே போனார். கௌரவத்தையெல்லாம் எங்கோ வைத்துவிட்டு வந்த குரலில் பேசினார். இருபது வருடத்தில் அவர் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

"சுந்துஸ், நான் விருந்தாளிக்காக வாங்கல. மதியம் குளுகுளுன்னு ஒரு தூக்கம் தூங்கணும்னுதான் வாங்கினேன். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். எனக்கு ஒரு வழி பண்ணும்மா."

உள்ளே இருந்த நாற்பத்தொன்பது பேரும் கேட்டுவிட்டார்கள். யாரோ ஒருத்தி "அய்யோ பாவம்" என்றாள். சுந்துஸின் குரலும் இளகியது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே ஹால்ல ஒன்றரை டன் மாட்டிட்டு எல்லாரும் நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே! சரி. உஸ்தா, அவருக்கு ஹால்ல ஒரு ஏற்பாடு பண்ணுங்க."

கஹ்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. உஸ்தாவுக்கு முன்னால் ஹாலுக்கு ஓடினார். உஸ்தா வந்து டேப்பை இழுத்தார். சன்னலைப் பார்த்தார். பிரேக்கர் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இங்க எத்தனை பேர் இருப்பீங்க?"

"நான் மட்டும்தான்."

"ஒரு ஆளு. பெரிய ஏசி எடுத்தது போக மிச்சம் இருக்கிற ஆம்பியர்..." உஸ்தா விரலை மடக்கினார். ஒரு விரலை மடக்கியதுமே கணக்கு நின்றுவிட்டது. "மேசை விசிறி, அபூ நிப்ராஸ். அதுவும் சின்ன சைஸ்."

"விசிறியா?" கஹ்தானுக்குப் பழைய ரோஷம் மறுபடி எட்டிப் பார்த்தது. நடை வரைக்கும் வந்து கத்தினார். "சுந்துஸ்! என்னைப் பாக்க நாலு பேர் வந்தா, விசிறியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானேன்னு என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாங்க," என்றது உள்ளிருந்து குரல். "விசிறியை அவங்க பக்கமாத் திருப்பி வச்சுடுங்க."